போத்தலைப் பார்த்துப் பிள்ளைக்கு வைத்தியம்

பிள்ளைகளின் மனத்தைப் பார்க்கும் இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள், ஓய்வு பெற்று வீட்டில் சும்மா இருக்கும் என்னைப் பிடித்து, "உங்கள் சாதனைகளைப் பற்றி எழுதித் தாருங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். சாதனை ஒன்றும் கிடையாது. ஆத்திரம்தான் நிறைய இருக்கிறது. அதில் கொஞ்சத்தை உங்கள் தலையில் இறக்கி வைக்கலாம் என்றுதான் எழுத ஒப்புக்கொண்டேன்.

என்னைப்போல் ஓய்வு பெற்றவர்கள் எழுதும்போது நடுவில் ஓரிடத்தில் "அன்று நான் செய்த தவறு" என்று கண்ணைத் துடைத்துக்கொள்வது வழக்கம். என்னிடம் அதை எதிர்பார்க்காதீர்கள். இந்த விஷயத்தில் தவறு செய்தவர் என் டாக்டர். வேண்டாம் வேண்டாம் என்று நான் தலைகீழாக நின்றேன். அவர் கேட்கவில்லை. இத்தனை வருஷம் ஆகியும் அந்த எரிச்சல் எனக்கு ஆறவில்லை.

ஆறியிருக்குமோ என்னவோ, போன மாதம் உங்கள் நிலையத்துக்கு நான் வராமல் இருந்திருந்தால். அங்கே உங்களில் ஒருவர் ஒரு பையனுக்கு முன்னால் உட்கார்ந்து அவன் நிரப்பிய கேள்வித்தாளைக் கூட்டிப் பார்த்துவிட்டு, "நல்ல முன்னேற்றம்" என்றார். பையன் அந்த நேரத்தில் சட்டைப் பித்தானைத் திருகித் திருகிப் பிய்த்துக்கொண்டிருந்தான். அவர் தாளைத்தான் பார்த்தார். எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு வந்து அன்றே பேனாவை எடுத்தேன்.

மெர்டேக்கா, அதாவது மலாயாவுக்குச் சுதந்திரம், வந்து ஓரிரு வருஷம் ஆகியிருந்தது. மலாக்காவில் காஜா பேராங் என்ற இடத்தில் ஒரு தாய்சேய் நிலையம். அதன் பின்பக்கத்தில் சாமான் போட்டு வைத்திருந்த அறையை ஒழித்து, புதன்கிழமை மட்டும் பிள்ளைகளின் "நரம்புக் கோளாறு" பார்க்க எங்களுக்குக் கொடுத்தார்கள். மனநல ஆலோசனை என்ற சொல்லெல்லாம் அப்போது பிறக்கவே இல்லை. நான் நர்ஸ். நர்ஸ் என்று யாரும் கூப்பிடமாட்டார்கள், மலாக்காவில் எல்லா சாதி சனத்துக்கும் நாங்கள் மிஸ்ஸிதான். டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். பெயரைச் சொல்லமாட்டேன், அவர் பேரப்பிள்ளைகள் இன்னும் இந்த ஊரில் கார் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த மனிதர் கெட்டவர் இல்லை. பிள்ளை பேச வேண்டுமென்றால் முதலில் நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைக் கால்சட்டையோடு சிமெண்டுத் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து கோலிக்குண்டு உருட்டுவார். அதைப் பார்த்து மற்ற மிஸ்ஸிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அப்படிப்பட்டவர்தான் பிறகு புத்தி பிசகிப்போனார். நல்லவர்கள் புத்தி பிசகினால் திருத்துவது கஷ்டம், அவர்களுக்கே தாங்கள் நல்லவர்கள் என்று தெரியும்.

பிசகியதற்குக் காரணம் போத்தல். அந்தக் காலத்தில் அரசாங்க மருந்தகத்தில் தண்ணீர் மருந்து வாங்க வேண்டுமென்றால் நாமே போத்தல் கொண்டுபோக வேண்டும். சர்பத் போத்தல், சமையலுக்கு ஊற்றும் கிச்சாப்பு போத்தல், எதுவாக இருந்தாலும் கழுவி எடுத்து வருவார்கள். மருந்து ஊற்றிய போத்தலோடு திரும்பினால்தான் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்ததாக அர்த்தம். எங்கள் அறையில் மருந்து கிடையாது. பிள்ளையோடு பேசுவோம், விளையாடுவோம், தாய் தகப்பனிடம் பேசுவோம், அனுப்பிவிடுவோம். சனங்கள் எங்களுக்குப் "பேச்சு ஆஸ்பத்திரி" என்று பெயர் வைத்தார்கள். பாராட்டு இல்லை, கேலி.

காஜா பேராங் செட்டி வீட்டு அம்மா ஒருவர் மகனைக் கூட்டி வந்தார். நெற்றியில் திருநீறு, வாயில் மலாய், தலைமுறை தலைமுறையாக அவர்கள் வீட்டுப் பேச்சு அதுதான். பையன் உள்ளே ரொம்ப நேரம் அழுது, பேசி, மூக்கைச் சிந்தி, முகம் தெளிந்து வெளியே வருகிறான். அந்த அம்மா வெறும் போத்தலைத் தூக்கிக் காட்டி, "ஓபாட் தா அடா, மிஸ்ஸி?" என்கிறார். மருந்து இல்லையா என்று. பேசினதுதான் மருந்து என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் அவருக்குப் பணம் தர வேண்டியவள் போலிருந்தது. செமாபோக்கிலிருந்து சைக்கிள் மிதித்து வந்த ஒருவர், "ஊசி போடாத எடத்துல ஒங்களுக்கு எதுக்கு மிஸ்ஸி வெள்ள உடுப்பு?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

வெறும் போத்தலோடு போனவர்கள் மறுபடி வரவில்லை. பிள்ளைகள் பாதியில் நின்றுபோனார்கள். டாக்டர் யோசித்தார். பிறகு பிரோமைடு கலந்த மருந்துத் தண்ணீர் கொடுக்க ஆரம்பித்தார். உப்புக் கரிக்கும். நரம்பை அமர்த்தும், தூக்கம் வரவைக்கும். அன்றைக்கு எல்லா ஊரிலும் கொடுத்த மருந்துதான். கூட்டம் திரும்பி வந்தது. ஆனால் பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. கொஞ்ச நாளில் பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டுப் போத்தலை மட்டும் அனுப்ப ஆரம்பித்தார்கள். சித்தப்பா வருவார், பக்கத்து வீட்டுக்காரி வருவாள், போத்தலை நீட்டுவார்கள், நிரப்பிக்கொண்டு போவார்கள்.

"பிள்ளையப் பாக்காம போத்தலப் பாத்து என்னா வைத்தியம் டாக்டர் இது?" என்று நான் கேட்டேன். ஒருமுறை இல்லை, ஒவ்வொரு புதனும் கேட்டேன்.

"மிஸ்ஸி, இஞ்ச வாரும்," என்றார் ஒருநாள். "ஒரு நாளைக்கு எத்தினை பிள்ளையள் வருகுது? எல்லாரோடையும் இருந்து கதைக்க என்னால ஏலுமே? பிள்ளை பொய் சொல்லும். தாய் தகப்பன் பொய் சொல்லுவினம். போத்தல் பொய் சொல்லாது. வெறும் போத்தல் வந்தால் பிள்ளை மருந்து குடிச்சிருக்கு."

இதற்கு மேல் ஒரு மிஸ்ஸி என்ன பேச முடியும்? பல்லைக் கடித்துக்கொண்டு புனலைக் கழுவினேன்.

இப்போது தனத்துக்கு வருகிறேன். பெயரை மாற்றியிருக்கிறேன். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், அவளுக்கே இப்போது பேரன் இருக்கிறான்.

தனத்துக்குப் பன்னிரண்டு வயது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு. வகுப்பில் தூங்கித் தூங்கி விழுந்தாள். காலையில் வரிசையில் நின்றபடியே தூங்கி, விழுந்து, மோவாயைக் கிழித்துக்கொண்ட பிறகு பள்ளிக்கூடத்தில் எங்களிடம் அனுப்பினார்கள். அப்பா சின்னையா சாலை போடும் இலாகாவில் லோரி ஓட்டினார். இலாகா கொடுத்த வரிசை வீட்டில் குடியிருந்தார்கள், பலகைச் சுவர், ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் கேட்கும். பிள்ளை இரவெல்லாம் கண்ணைத் திறந்துகொண்டு கிடக்கிறாள் என்றார் அம்மா. காத்து கருப்பு என்றது வரிசை வீடு. அடியாத மாடு படியாது என்றார் வாத்தியார். ஆளுக்கு ஒரு நோயைச் சொன்னார்களே தவிர, அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை.

நான் கேட்டேன். தரையில் உட்கார்ந்து கல்லாங்காய் ஆடிக்கொண்டே கேட்டேன்.

"ராத்திரி தூக்கம் வரலியா தனம்?"

"வருது மிஸ்ஸி."

"வந்தா தூங்க வேண்டியதுதான?"

"வரக் கூடாது," என்றாள். கல்லைத் தூக்கிப் போட்டுப் பிடித்தாள். அதற்கு மேல் வாய் திறக்கவில்லை.

இதைத்தான் நீங்கள் காதில் வாங்க வேண்டும். தூக்கம் வராத பிள்ளை வேறு, தூக்கத்தை வரவிடாத பிள்ளை வேறு. முதலாவதுக்கு மருந்து கொடுக்கலாம். இரண்டாவது பிள்ளை எதற்காகவோ காவல் இருக்கிறது. எதற்கென்று தெரியாமல் மருந்து கொடுப்பது, காவல்காரனை அடித்துத் தூங்கவைப்பது மாதிரி. நான் டாக்டரிடம் சொன்னேன். "நல்ல கவனிப்பு, மிஸ்ஸி," என்றார். பிரோமைடு எழுதிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு தனம் வரவில்லை, போத்தல்தான் வந்தது. புதன்தோறும் சின்னையா லோரியை ரோட்டிலேயே உறுமவிட்டுவிட்டு உள்ளே வருவார். நல்ல உயரம், ஒடிசலான ஆள், முழங்காலுக்குக் கீழே பழைய புண்களின் கறுத்த தழும்பு. ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் போடக் கொண்டுபோகப்பட்டு உயிரோடு திரும்பியவர் என்று அம்மா சொல்லியிருந்தார். அவர் அதைப் பற்றிப் பேசி யாரும் கேட்டதில்லை.

"தனம் எப்பிடிண்ணே இருக்கா?"

"நல்லா இருக்கா மிஸ்ஸி. மருந்து ஒத்துக்கிருச்சி. சீக்கிரம் ஊத்திக் குடுங்க, லோரி நிக்கிது."

போத்தல் சுத்தமாகக் காலியாக இருக்கும். டாக்டர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து என்னைப் பார்த்துத் தலையாட்டுவார், பார்த்தீரா என்பதுபோல். ஆனால் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த தகவல் வேறு. பிள்ளை முன்னைவிட மோசம், சோறு இறங்கவில்லை, கையெழுத்து கோணுகிறது. டாக்டர் மருந்தின் அளவைக் கூட்டினார். இன்னும் மோசம். மறுபடி கூட்டினார். இப்படி வாரங்கள் போயின. கடைசியில், "இவ்வளவு மருந்துக்கும் கேக்காதெண்டால் இது எங்கட கைக்கு மிஞ்சின வருத்தம். வடக்க பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவம்," என்றார்.

வடக்கே பெரிய ஆஸ்பத்திரி என்றால் என்னவென்று உங்களுக்கு இன்று விளங்காது. மனக்கோளாறு வந்த பெரியவர்களைப் பூட்டி வைக்கும் இடம். அங்கே பன்னிரண்டு வயதுப் பிள்ளை போனால் படிப்பு அதோடு சரி. திரும்பி வந்தாலும் காஜா பேராங்கில் அவள் பெயர் பைத்தியம். யாரும் வீட்டுக்குள் விடமாட்டார்கள், நாளைக்குக் கல்யாணப் பேச்சு எடுக்கமாட்டார்கள். ஒரு காலிப் போத்தலை நம்பி இந்த மனிதர் ஒரு பிள்ளையின் வாழ்க்கையை மூடப் போகிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அனுப்புறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவ அவளக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க டாக்டர். தாய் தகப்பன் ரெண்டு பேரும் வரணும். இதுகூட இல்லன்னா நான் மேட்ரன்கிட்ட போய்ச் சொல்லுவேன்," என்றேன். மேட்ரன் பெயரைச் சொன்னால் டாக்டருக்குக் கொஞ்சம் பயம் உண்டு. அடுத்த புதன் என்றார்.

அந்தப் புதனுக்கு இரண்டு நாள் முன்பு, பட்டப்பகலில், கல் ஏற்றிய லோரி காஜா பேராங் வளைவில் திரும்பாமல் நேரே போய் லொங்காங்கில் இறங்கியது. பெரிய சாக்கடை, நல்லவேளையாகத் தண்ணீர் இல்லை, ஓரத்தில் ஆளும் இல்லை. வேலையை மேற்பார்க்கும் மண்டோர் ஓடி வந்து பார்த்தபோது சின்னையாவுக்கு நாக்குக் குழறியது, இறங்கி நடந்தால் கால் பின்னியது. கள்ளுக் குடித்துவிட்டு ஓட்டினான் என்று மேலே சொல்லிவிட்டார்கள். என்ஜினியர் துரை வியாழக்கிழமை காலை விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார். வேலை போனால் வீடும் போகும்.

ஆக, அந்தப் புதன்கிழமை எங்கள் அறைக்கு வந்தவர்கள் எப்படி இருந்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். சின்னையா சுவரைப் பார்த்து நின்றார். அம்மா தலைப்பால் வாயை மூடியிருந்தார். நடுவில் தனம், கண்ணுக்குக் கீழே மை பூசினாற்போல் கறுப்பு. டாக்டர் இன்னும் அவர்களை நிமிர்ந்து பார்க்கவில்லை, பிள்ளையை வடக்கே அனுப்பும் உத்தரவை எழுத உட்கார்ந்துவிட்டார். வெளியே கூட்டம், போத்தல்களின் சத்தம்.

நான் தனத்தின் கையைப் பிடித்து, "மோவாய்க் காயத்தப் பாக்கணும்" என்று ஒரு பொய்யைச் சொல்லி, பின்னால் பாத்திரம் கழுவும் இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். அந்த நேரத்தில் எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அவள் தொட்டி ஓரத்தில் நின்றாள். "எங்கப்பாவ வேலய வுட்டு நிப்பாட்டிருவாங்களா மிஸ்ஸி?" என்றாள். தன்னை எங்கே அனுப்பப் போகிறார்கள் என்று கேட்கவில்லை.

"தெரியலம்மா. நீ ஏன் அதக் கேக்குற?"

"அப்பா குடிக்கல."

"ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

சொட்டிக்கொண்டிருந்த தண்ணீர்க் குழாயை இறுக்கி மூடினாள். பிறகு, "யார்ட்டயும் சொல்லமாட்டேன்னு சாமி மேல சத்தியம் பண்ணுங்க. அப்பதான் சொல்லுவேன்," என்றாள்.

இந்த இடத்தில் உங்களில் பாதிப் பேர் சத்தியம் பண்ணியிருப்பீர்கள். நேரம் இல்லை, உள்ளே பேனா ஓடிக்கொண்டிருக்கிறது, பிள்ளை வாய் திறக்கத் தயாராக நிற்கிறது, ஒரு சத்தியம்தானே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் கேட்ட பிறகு அதைச் சொல்லாமல் இருக்க முடியாது என்று எனக்கு அப்போதே தெரியும். சத்தியம் பண்ணிவிட்டு அதை மீறினால் அவள் இந்த ஜென்மத்தில் இன்னொரு பெரிய மனுஷியை நம்பமாட்டாள்.

"பண்ணமாட்டேன் தனம்," என்றேன். "நீ சொல்றதுல ஒனக்கோ வேற யாருக்கோ ஆபத்து இருந்தா நான் சொல்லித்தான் ஆவணும். ஆனா ஒனக்குத் தெரியாம சொல்லமாட்டேன். ஒன்னயத் தனியா வுட்டுட்டும் சொல்லமாட்டேன். நீ எம் பக்கத்துல நிக்கிறப்பதான் சொல்லுவேன்."

அவள் முகம் சுருங்கிப்போனது. உள்ளேயிருந்து டாக்டர், "மிஸ்ஸி" என்று கத்தினார். நான் பதில் சொல்லவில்லை. மறுபடி கத்தினார். சொல்லவில்லை. போய்விட்டது, கெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன். பிறகுதான் அவள் சொல்ல ஆரம்பித்தாள். உண்மையைச் சொன்னால் பிள்ளை எப்போதும் இப்படித் திறந்துகொள்ளும் என்று நினைத்துவிடாதீர்கள். பல தடவை திறக்காது. அப்போதும் சத்தியம் பண்ணாதீர்கள்.

அவள் சொன்னது இதுதான். அப்பா இரவில் தூக்கத்தில் கத்துவார். சயாமிலிருந்து வந்த நாளிலிருந்து கத்துகிறார். வரிசை வீடு முழுக்கக் கேட்கும். காலையில் எழுந்தால் அவருக்கு ஒன்றும் நினைவிருக்காது. அவரிடம் யாரும் சொன்னதில்லை. குடும்பத் தலைவரிடம் போய், நீ ராத்திரி சின்னப் பிள்ளை மாதிரிக் கத்துகிறாய் என்று எப்படிச் சொல்வது? அம்மா கைக்குழந்தையோடு அடுக்களையில் போய்ப் படுத்துக்கொள்வார். அக்கம்பக்கம் காதைப் பொத்திக்கொள்ளும். தனம்தான் முன் அறையில் அப்பாவுக்குப் பக்கத்துப் பாயில் படுப்பாள். அவர் முனக ஆரம்பிக்கும்போதே தட்டிக் கொடுத்தால் கத்தல் வராமல் அடங்கிவிடும் என்று கண்டுபிடித்திருந்தாள். அதற்கு விழித்திருக்க வேண்டும். எவ்வளவு காலமாக என்று அவளுக்கே தெரியவில்லை.

பிறகு நாங்கள் தூக்க மருந்து கொடுத்தோம். அவள் ஒரு சொட்டு குடிக்கவில்லை. அப்பா படுக்கும் முன் சுக்குத் தண்ணீர் குடிப்பார். கறுப்புச் சீனியை அள்ளிப் போட்டு, உப்பு தெரியாமல், தன் மருந்து முழுவதையும் அதில் ஊற்றிக் கொடுத்தாள். கத்தல் நின்றது.

"அப்ப நீ தூங்கியிருக்கலாமே, தனம்?"

"அப்பா அசையவே மாட்டேங்கறாரு மிஸ்ஸி. செத்துட்டாரான்னு பயமா இருக்கு. மூக்குல கை வச்சிப் பாத்துக்கிட்டே இருப்பேன்."

டாக்டர் அளவைக் கூட்டக் கூட்ட அப்பா இன்னும் அசையாமல் கிடந்தார். அவள் இன்னும் விழித்திருந்தாள்.

"என்னா சொல்லிக் கத்துவாரு?" என்று கேட்டேன்.

அதைச் சொல்ல அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. குனிந்துகொண்டு சொன்னாள். "எந்திரிச்சிட்டேன் ஐயா, எந்திரிச்சிட்டேன், அடிக்காதீங்கன்னு கெஞ்சுவாரு."

எனக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. ஒரு வரிசை வீடு முழுக்கத் தெரிந்த விஷயம். அம்மாவுக்குத் தெரியும், அண்டை அயலுக்குத் தெரியும். அத்தனை பேரும் மரியாதை, மரியாதை என்று வாயை மூடிக்கொண்டு, அந்த மரியாதையைக் காப்பாற்றும் வேலையை ஒரு ஆறாம் வகுப்புப் பிள்ளையின் தலையில் கட்டியிருக்கிறார்கள். அதுபோதாதென்று நாங்கள் வேறு, நோயாளியின் முகத்தைப் பார்க்காமல் புனல் வைத்து ஊற்றியிருக்கிறோம்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். நான் சொல்லத்தான் வாயெடுத்தேன். அவளே சொல்லிவிட்டாள்.

"அப்பா, நீங்க குடிக்கல. நான்தான் ஒங்க சுக்குத் தண்ணியில எம் மருந்த ஊத்துனேன்."

சின்னையா திரும்பினார். "எதுக்குடி?"

"நீங்க தூக்கத்துல கத்துறீங்கப்பா."

அவர் மகளைப் பார்க்கவில்லை. மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா தரையைப் பார்த்தார்.

"நான் கத்துறேனா?"

"ஆமாங்க."

"எப்பலேருந்து?"

"அங்கேருந்து வந்ததுலேருந்துங்க."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு எழுந்தார். சின்னையாவின் மோவாயைப் பிடித்து முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பினார். நெற்றி, கன்னமெல்லாம் பருப் பருவாகச் சிவந்திருந்தது, நாற்பது வயது ஆளுக்கு. பிரோமைடு உடம்பில் சேர்ந்தால் வரும் பரு அது. நடக்கச் சொன்னார், நாக்கை நீட்டச் சொன்னார். அவருக்கு ஒரு நிமிஷத்தில் விளங்கிவிட்டது. படிப்பு அப்படி. "என்ர மருந்துதான்," என்றார். அதோடு நிறுத்தியிருந்தால் நான் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். நிறுத்தவில்லை. அம்மா பக்கம் திரும்பி, "மருந்தைப் பாத்துக் குடுக்கவேணுமெண்டு சொன்னனான் எல்லோ? வீட்டில கவனமில்லாட்டில் நாங்கள் என்ன செய்யிறது?" என்று பிடித்துக்கொண்டார்.

சின்னையா அதற்கும் மேல். "அப்பா என்னா சொல்லிக் கத்துறேன்?" என்று மகளிடம் கேட்டார். தனம் என்னைப் பார்த்தாள். பிறகு, "வெளங்கலப்பா," என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும் என்பதில்லை, ஆபத்து எதுவோ அதைச் சொன்னால் போதும். சின்னையா டாக்டர் பக்கம் திரும்பினார். "டாக்டர், இது இந்த ரூமோட இருக்கட்டும். தொரகிட்ட நான் குடிச்சேன்னே சொல்லிக்கிறேன்," என்றார்.

கேட்டீர்களா? வேலை போனாலும் பரவாயில்லை, வீடு போனாலும் பரவாயில்லை, குடிகாரன் என்ற பெயர் வந்தாலும் பரவாயில்லை, கத்துகிறவன் என்ற பெயர் வரக் கூடாது. இவருக்கு அந்த மானம். டாக்டருக்குத் தன் மருந்தின் மானம். என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"டாக்டர், அந்தம்மாவ ஏன் ஏசுறீங்க? பிள்ளையப் பாக்காம மருந்தக் கூட்டுனது நீங்க. அண்ணே, நீங்க குடிச்சேன்னு போய்ச் சொன்னா நாளைக்கு இவ என்னா நெனப்பா? அப்பா தெருவுல நிக்கிறது என்னாலதான்னு நெனப்பா. ஏற்கனவே தூங்காத பிள்ள. இனிமே எப்பத் தூங்கும்?"

டாக்டர் என்னை ஒரு அதட்டுப் போட்டார். நான் திருப்பிப் பேசினேன். சின்னையா, "எங் குடும்ப விஷயத்துல தலையிடாதீங்க மிஸ்ஸி," என்று குரலை உயர்த்தினார். மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம். வெளியே இருந்த கூட்டம் சன்னலில் வந்து எட்டிப் பார்த்தது.

முடிவு என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்பீர்கள், உங்களுக்கு முடிவுதான் முக்கியம். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சின்னையாவின் வேலை போகவில்லை. உடம்பிலிருந்து மருந்து இறங்கும்வரை லோரியை விட்டு இறக்கிச் சாமான் கிடங்கில் போட்டார்கள். தனம் வடக்கே போகவில்லை. புதன்கிழமைகளில் அப்பாவும் மகளும் சேர்ந்து எங்களிடம் வந்தார்கள், அப்பாவோடு பேசத்தான் ரொம்ப நாள் பிடித்தது. கத்தல் முழுக்க நிற்கவில்லை. ஆனால் முன் அறையில் படுத்துக்கொண்டு அவரைத் தட்டி எழுப்பும் வேலையை அம்மா எடுத்துக்கொண்டார். பிள்ளை அடுக்களையில் படுக்கப் போனாள். டாக்டர் அதற்குப் பிறகு பிள்ளை வராமல் ஒரு போத்தலையும் நிரப்பியதில்லை. என்னிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டதும் இல்லை.

இந்த முடிவெல்லாம் எங்கள் திறமையால் வந்தது என்று நான் பொய் சொல்லமாட்டேன். நாங்கள் மூன்று பெரியவர்களும் கத்திக்கொண்டுதான் இருந்தோம். விட்டிருந்தால் சாயங்காலம்வரை கத்தியிருப்போம்.

டாக்டர் மேசையைத் தட்டி எதையோ சொல்லிக்கொண்டிருக்கும்போது சின்னையா திடீரென்று கையை உயர்த்தினார். அடிக்கப் போகிறாரோ என்று நான் நடுவில் போனேன்.

"சத்தம் போடாதீங்க டாக்டர்," என்றார், ரகசியம் பேசுகிற குரலில். "புள்ள தூங்குறா."

திரும்பிப் பார்த்தேன். தனம் சுவரோரப் பெஞ்சில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, அப்படியே தூங்கிப்போயிருந்தாள். சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, அப்பா கண்முன்னால் முழித்துக்கொண்டு நிற்கிறார், மூச்சு விடுகிறார், சண்டை போடுகிறார். இனிமேல் பார்த்துக்கொள்ள வேண்டியதில்லை என்று உடம்புக்கே தெரிந்துவிட்டது போலும்.

சின்னையா பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார். அவள் மூக்குக்குக் கீழே விரலை வைக்கப்போய், வைக்காமல் கையை இழுத்துக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. மனைவி எழுந்து வந்து பக்கத்தில் நின்றார். பிறகு சின்னையா நிமிர்ந்து, அதே தணிந்த குரலில், "நீங்களும் வாங்க டாக்டர். தொரகிட்ட போவோம். தூக்கத்துல கத்துறான், அதுக்குத்தான் புள்ள மருந்து குடுத்துச்சின்னு சொல்லுங்க. இங்க வேணாம், வெளிய போய்ப் பேசுவோம்," என்றார்.

டாக்டர் தலையை மட்டும் ஆட்டினார். நாற்காலியைத் தரையில் இழுக்காமல், இரண்டு கையாலும் தூக்கிப் பின்னால் வைத்துவிட்டு, அவரோடு வெளியே போனார்.

மற்ற பிள்ளைகளை அன்று நான் மாமரத்தடியில் உட்காரவைத்துப் பார்த்தேன். அறையைப் பூட்டும் நேரம்வரை தனம் எழுந்திருக்கவில்லை. யாரும் அவளை எழுப்பவும் இல்லை.